மீன் தராசின் மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

"வண்டிக்கு சஸ்பென்ஷனை அப்கிரேட் பண்ணலாம்னு இருக்கேன். அப்படியே சேஸிஸையும் கொஞ்சம் ஸ்டிராங் பண்ணிடலாம்" என்று என் கணவர் சொன்னபோது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பேப்பரை விரித்துப் பிடித்தபடி, அதன் பின்னாலிருந்து சொன்னார். முகத்தைக் காட்டாமல் சொல்லப்படும் எந்தச் செய்தியையும் நான் நம்புவதில்லை. கையைக்கூடக் கழுவாமல் போய்ப் பேப்பரைக் கீழே இறக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் வேலை அப்படி. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், இடிபட்ட வண்டிகளுக்குப் பணம் கேட்டு வருகிறவர்களின் கதை உண்மையா பொய்யா என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். நொறுங்கிய வண்டிகளின் படங்களும் அவற்றோடு வரும் கதைகளும்தான் என் அன்றாடம். மகாபலிபுரம் சாலையில் குறுக்கே வந்ததாக என்னிடம் சொல்லப்பட்ட மாடுகளை எல்லாம் ஒன்றாக நிறுத்தினால் அங்கே கார் போக இடம் இருக்காது. இந்த உலகத்தில் ஒருவர் தானாக வந்து 'அப்கிரேட்' என்று சொன்னால், எங்கேயோ இடித்திருக்கிறார், அதை மூடப் பார்க்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வோம். சஸ்பென்ஷன் மட்டும் என்றால்கூட விட்டிருப்பேன். மேடு பள்ளத்தில் குலுக்காமல் இருக்க ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றுவது ஊரில் நடக்கிற காரியம்தான். ஆனால் சேஸிஸ் என்பது வண்டியின் எலும்புக்கூடு. நன்றாக இருக்கிற எலும்பை யாரும் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வதில்லை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. வெளிநாட்டிலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்து, பல கை மாறி, எங்களுக்குக் கல்யாணமான சில வருடங்களில் இவரிடம் வந்து சேர்ந்தது. இவர் கட்டடங்களுக்குத் தூணும் உத்தரமும் கணக்குப் போட்டுத் தருகிற பொறியாளர். வாங்கி வந்த அன்று மாமியார் கீழே இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஆத்துல இத்தனை பேர் இருக்கோம். ரெண்டு பேர் உக்கார்ற வண்டியைப் போய் வாங்கிண்டு வந்திருக்கியேடா" என்றார். அதுதான் அந்த வண்டியின் மகிமை என்று எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. ஒரே மாடியில் எதிரெதிராக இரண்டு ஃபிளாட். ஒன்றில் நாங்களும் மாமியாரும், மற்றதில் மைத்துனர் குடும்பம். பகல் முழுக்க இரண்டு கதவும் திறந்தே கிடக்கும். நான் இவரிடம் தலைவலி என்று முனகினால் எதிர்வீட்டிலிருந்து மாத்திரை வரும். எல்லோரும் நல்லவர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது ஆள் காதில் விழாமல் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே இடம் அந்த வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்புவோம். சாந்தோம், பட்டினப்பாக்கம், பிறகு அடையாற்றுப் பாலம் ஏறி பெசன்ட் நகர். கடற்கரையில் ஒரு காபி, திரும்பி வருவோம். பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்பலாம் என்று முடிவு செய்தது அந்த வண்டியில்தான். மாமனார் போன பிறகு இவர் வாய்விட்டு அழுததும் அங்கேதான். நாங்கள் சண்டையே போட்டுக்கொள்ளாத தம்பதி என்று உறவில் எங்களுக்குப் பெயர். சண்டையை எல்லாம் அடையாற்றுப் பாலத்தின் மேல் போட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வருவோம் என்பது யாருக்கும் தெரியாது.

அதை நான் ஓட்டியதில்லை. என்னுடைய சின்னக் காரை ஊர் முழுக்க ஓட்டுவேன், இதை மட்டும் மாட்டேன். ஆரம்பத்தில் ஒருமுறை பெசன்ட் நகர் அவென்யூ ஒன்றில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கிளட்ச் எனக்கு எட்டவில்லை. ஸ்டியரிங் அம்மி மாதிரி கனத்தது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியபோது என் இடுப்பும் அதோடு இறங்கிவிட்டது. இனி நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள், நான் பேசிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் சில வாரங்களாக நின்றுபோயிருந்தன. ஒரு வாரம் முதுகுவலி என்றார். ஒரு வாரம் பேட்டரி இறங்கிவிட்டது என்றார். இன்னொரு வாரம் காரணமே சொல்லாமல் போர்த்திக்கொண்டு தூங்கினார். தூங்குவதுபோல் கிடந்தார் என்று சொல்லவேண்டும், நிஜமாகத் தூங்கும்போது இவர் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அத்தனை நாளும் வண்டி கீழே உறை போர்த்தியபடியே நின்றது. இப்போது வண்டியே பட்டறைக்குப் போகிறது. எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் என் கையைவிட்டுப் போகிறது, இவரே அதைப் பறித்துக்கொள்கிறார் என்று தோன்றியது. அதுவும் போய்விட்டால் எங்களுக்குள் மிச்சம் இருப்பது, பால் வாங்கியாச்சா, கேஸுக்குச் சொல்லியாச்சா என்கிற பேச்சுதான்.

வண்டி போன அன்றிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேஜையில் அவர் சஸ்பென்ஷனைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசினார். "மூட்டுல இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் போயிடுத்து. ரப்பர் காஞ்சு வெடிச்சுடுத்து. அது இருக்கிற வரைக்கும் என்ன ஸ்பிரிங் போட்டாலும் பிரயோஜனம் இல்லை" என்று மாமியாரிடம் விளக்கினார். மாமியாருக்கு எதற்கு புஷ்? பொய்க் கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு, நான் தினமும் பார்க்கிறேன். கேட்காத விவரமெல்லாம் அதில் இருக்கும். கேட்டது மட்டும் இருக்காது.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"பட்டறை பாயைக் கேட்டாத்தான் தெரியும்" என்றார்.

சரி, பாயையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அலுவலகத்திலிருந்து ஒருநாள் மதியமே கிளம்பி மந்தைவெளிக்குப் போனேன். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துப் பாதி சாலையை மறைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஆட்டோக்காரர்கள் நுழைய மறுக்கும் ஒரு சந்தில் அந்தப் பட்டறை இருந்தது. பாய்க்கு எங்கள் வயதுதான் இருக்கும். தலைமுறையாக ராயப்பேட்டையில் இரும்போடு புழங்குகிற குடும்பம் என்று முன்பே இவர் சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்னைவிட்டால் இந்த மாதிரி வண்டியைத் தொட ஆள் கிடையாது என்று, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுகிற ரகம். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

"இன்னா மேடம், நீங்க எதுக்கு இம்மாந்தூரம்? போன் பண்ணியிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"வண்டி நல்லா கீதுன்னு சொல்லியிருப்பேன்."

வண்டி நான்கு இரும்பு முக்காலிகள் மேல், சக்கரங்கள் இல்லாமல் நின்றது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. புது ஸ்பிரிங்குகள் ஒரு சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன. பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது முன்னாடிக்கு, இது பின்னாடிக்கு, இதைத் திருகினால் உயரம் கூடும், இதைத் திருகினால் கெட்டியாகும் என்று பிரசங்கம் செய்தார். கேட்காத விவரமெல்லாம் இருந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போன் விளக்கைப் போட்டு, குனிந்து அடியில் பார்த்தேன்.

வலது பக்கம் எல்லாம் பழைய கறுப்புப் பூச்சு, அதன்மேல் வருடக்கணக்கான தார்த் துளி, சேறு. இடது முன்பக்கம் மட்டும் புத்தம்புது சாம்பல் பெயின்ட். அதற்கு அடியில் வெல்டிங் ஓடிய தடம். தகடு மடங்கி, பிறகு இழுத்து நிமிர்த்தப்பட்டிருக்கிறது என்பதை விரலை வைத்தாலே சொல்லிவிடலாம். இந்த மாதிரித் தடத்தைப் பார்த்து எத்தனை பேர் கதையை நான் கிழித்திருக்கிறேன்.

"இது என்ன பாய்?"

"துரு மேடம். கடல் காத்து ஆவாது. சாரு வாரா வாரம் பீச்சுக்கு இட்டுனு போறாரில்ல?"

"துரு இடது பக்கம் மட்டும் வருமா?"

பாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பெசன்ட் நகர் போசொல்ல கடலு அந்தப் பக்கந்தானே கீது?"

"திரும்பி வரும்போது கடல் வலது பக்கம் இருக்குமே?"

"அதுக்குள்ள வெயில் ஏறி எல்லாம் காஞ்சிடும் மேடம்."

இத்தனை வருட சர்வீஸில் இவ்வளவு வேகமாக எனக்கு யாரும் பொய் சொன்னதில்லை. கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு, "நீங்க சாரையே கேட்டுக்கோங்க மேடம். என்னை வம்புல மாட்டி வுடாதீங்க" என்று ஸ்பேனரைத் தேடக் குனிந்துகொண்டார். ஆக, வம்பு இருக்கிறது. அது இவருக்கும் பாய்க்கும் தெரியும், எனக்குத் தெரியாது. சந்திலிருந்து வெளியே வரும்போது எனக்குக் கண்ணைக் கரித்தது. வெல்டிங் புகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எங்கே வைத்துக் கேட்பது? சண்டை போடும் இடம்தான் மந்தைவெளியில் முக்காலி மேல் நிற்கிறதே. மொட்டைமாடியில் மைத்துனர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் ஆபீஸிலிருந்து வரும்வரை கீழே காத்திருந்து, அவரோடு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடியதும் கேட்டேன்.

"எங்க இடிச்சேள்?"

அவர் மறுக்கவில்லை. "லஸ் கார்னர் பக்கத்துல, காலம்பற இதுல ஆபீஸ் போறச்சே. அந்த மெட்ரோ தடுப்புல. லேசாத்தான்" என்றார்.

"லேசா இடிச்சா சேஸிஸ் மடங்குமா? எனக்கே கதையா?"

"அடி படாம தப்பிச்சேன்ல, அதைப் பாரேன்."

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லை. என்ன கேள்வி இது?"

"அப்போ ஏன் சொல்லலை?"

கதவு திறந்தது. எதிரே மாமியார் காய்கறிப் பையோடு நின்றார். "ரெண்டு பேரும் சேர்ந்தா வரேள்? நல்லதாப் போச்சு, கீழே போய் கொத்தமல்லி வாங்கிண்டு வந்துடுங்கோ, மறந்துட்டேன்" என்றார். நாங்கள் மறுபடியும் கீழே போனோம். கீழே போகும்போது அவர், "சொல்றேன். வண்டி ரெடியாகட்டும், சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். நான் எவ்வளவோ குடைந்தும் அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. கொத்தமல்லியோடு ஏறி வந்தோம்.

பாதியை ஒப்புக்கொள்கிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். பெரிய பாதியை மறைக்கத்தான் சின்னப் பாதியைக் கொடுப்பார்கள். அன்று ராத்திரி சமையலறையைத் துடைத்துக்கொண்டே நான் வழக்கை எடுத்துக்கொண்டேன். அந்தத் தடுப்பு நேற்று முளைத்தது இல்லை. இத்தனை காலமாக அங்கேயே நிற்கிறது, இவர் தினமும் அதை ஒட்டித்தான் போகிறார். குடிக்கிற பழக்கம் கிடையாது. ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். பகல் வெளிச்சம், பழகிய சாலை, நல்ல ஓட்டுநர், இடது முன்பக்கம் நேராகப் போய் மோதியிருக்கிறது. இப்படி ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தால் நான் என்ன எழுதுவேன்? ஓட்டுநர் சாலையைப் பார்க்கவில்லை, பக்கத்து இருக்கையில் இருந்தவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எழுதுவேன். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

பக்கத்து இருக்கை என்னுடையது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, இந்த மனிதருக்கு யார் என்று ஒரு பக்கம் சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போகாததற்கும், வார நாளில் லஸ்ஸில் போய் இடித்ததற்கும், என்னிடம் சொல்லாமல் பாயிடம் சொன்னதற்கும் இந்த ஒரு சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தியது. அடுத்து வந்த நாட்களில் அவர் சட்டையை மோந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் பாக்கி. அவர் போனில் பேசும்போது வாசற்படிக்கு அருகில் போய் நின்றேன். அவர் பேசியது பெரும்பாலும் பாயோடுதான். "கொஞ்சம் சாஃப்ட்டாவே இருக்கட்டும் பாய். இடுப்புக்கு ஆகாது" என்று ஒருமுறை சொன்னது காதில் விழுந்தது. யார் இடுப்புக்கு? இவருக்கு இடுப்பில் ஒன்றும் கிடையாது. என் இடுப்புக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் பிடித்தவளுக்கு நல்ல சேதி காதில் ஏறாது.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், "பட்டறைக்குப் போயிட்டு வரேன். இன்னிக்கு வண்டியை எடை போடறா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காருக்கு என்ன எடை? பழைய இரும்புக்குப் போடுகிறாரா, வாங்குகிறவர் யாராவது வருகிறாரா, அல்லது வேறு யாராவதா? ஆட்டோ பிடித்து அவர் பின்னாலேயே போனேன்.

சந்தில் நுழைந்ததுமே மீன் வாடை அடித்தது. பட்டறைத் தரையில் பலகைகளைப் பரப்பி, மட்டம் பார்த்து, அதன்மேல் நான்கு தராசுகளை வைத்திருந்தார்கள். மீன் ஏலத்தில் கூடைகளை ஏற்றி நிறுப்பார்களே, அந்த அகலமான எலக்ட்ரானிக் தராசு. பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் தெரிந்தவர்களிடம் பாய் இரவல் வாங்கி வந்திருந்தார். மத்தியானத்தில் அவர்களுக்கு அது சும்மாதான் கிடக்குமாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தராசாக, எங்கள் வண்டி நான்கு தராசுகளின் மேல் ஏறி நின்றது. முன்பைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. தராசில் எங்கேயோ ஒட்டியிருந்த செதில்களைத் தேடி இரண்டு காக்காய்கள் கூரையில் வந்து உட்கார்ந்திருந்தன.

என் கணவர் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினார். பாய் ஒருத்தர்தான் கலங்காமல் இருந்தார்.

"வாங்க மேடம். நல்ல டயத்துக்கு வந்தீங்க. பாத்தீங்களா, நாலு காலுக்கும் கணக்கு. எந்தக் காலு மேல எவ்ளோ பாரம் குந்திக்கினு கீதுன்னு பாத்து, ஸ்பிரிங்கை ஏத்தி எறக்கி சரி பண்ணணும். அப்போதான் பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்காது. சும்மா காலி வண்டியை வச்சுப் பாத்தா தப்பா காட்டும். ஓட்டுற ஆளு எடை, பக்கத்துல குந்துற ஆளு எடை, ரெண்டும் உள்ள இருக்கணும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு இருக்கைகளிலும் ஆட்களுக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை உட்கார வைத்து சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். வலது பக்கம், ஓட்டுகிறவர் இருக்கையில், சின்ன மூட்டைகளாக அடுக்கியிருந்தது. இடது பக்கம் மொத்தமான பெரிய மூட்டைகள், இருக்கையை அடைத்துக்கொண்டு. நான் படங்களைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிறவள். அந்தப் பெரிய மூட்டை யார் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தத் தொப்பையை எனக்குத் தெரியாதா? அப்படியானால் இவர் இடது பக்கம் உட்காரப் போகிறார். ஓட்டப்போவது இவரைவிட எடை குறைந்த, உயரம் குறைந்த யாரோ. ஓட்டுகிறவர் இருக்கையை வேறு முன்னால் தள்ளிப் புது போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பாய் நிற்கிறார், சந்தில் ஆள் போகிறது என்பதெல்லாம் மறந்துபோனது. வண்டியின் மேலாகவே இவரைப் பார்த்துக் கேட்டேன்.

"யாரு அவ?"

இவர் விழித்தார். "எவ?"

"இந்த சீட்டுல உக்காந்து ஓட்டப்போறவ. யாருக்காக இத்தனை ஜோடனை? சொல்லுங்கோ, நான் இன்னிக்குத் தெரிஞ்சுண்டுதான் போவேன்."

பாய் ஒரு நிமிடம் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கதவைத் திறந்து, வலது இருக்கையில் இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போட்டார்.

"ஆளே வந்தாச்சு சார். இனிமே மூட்டை எதுக்கு? ஏறு மேடம்."

நான் அப்படியே நின்றேன். "ஏறும்மா, தராசைத் திருப்பிக் குடுக்கணும், சாயங்காலம் கடை போடுவாங்க" என்று அவசரப்படுத்தினார். தலை குனிந்து, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். கால் தானாகப் பெடலில் போய் நின்றது. அன்று பெசன்ட் நகரில் எனக்கு எட்டாமல் போன கிளட்ச், முழுசாக அழுந்தியது. ஸ்டியரிங்கை லேசாக அசைத்துப் பார்த்தேன். அம்மி கனம் போய்விட்டிருந்தது. இடது பக்கத்து மூட்டைகளையும் இறக்கிவிட்டு இவரை உட்காரச் சொன்னார் பாய். இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

பாய் தராசுகளைச் சுற்றி வந்து எண்களைப் பார்த்தார். "சார், நீங்க சொன்ன எடையை விட மேடம் கொஞ்சம் ஜாஸ்தி கீறாங்க!"

"அவ சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றார் இவர்.

"ஆடாதீங்க ரெண்டு பேரும். கைய வெளிய நீட்டாதீங்க. திரும்பாதீங்க. நான் சொல்ற வரைக்கும் செல மாதிரி குந்தணும். ஆடுனீங்கன்னா நெம்பர் ஓடும்." சொல்லிவிட்டுப் பின் சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டு, நீளமான சாவியால் எதையோ திருக ஆரம்பித்தார்.

நாங்கள் இருவரும் நேராகப் பட்டறையின் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எத்தனை வாரங்களுக்குப் பிறகு அந்த வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் தலையைத் திருப்பாமல் கேட்டேன்.

"ஏன் நான் ஓட்டணும்?"

"டாக்டர் என்னை ஓட்டக்கூடாதுன்னுட்டார்."

"எந்த டாக்டர்?"

"கண் டாக்டர். எடது கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு போயிடுத்து. கொஞ்சம் கொஞ்சமாப் போனதால எனக்கே தெரியலை. போனது திரும்ப வராதாம். வலது கண்ணுக்கு மருந்து விட்டுண்டிருக்கேன். அது நிக்கும்னு சொல்றார்." பட்டறைச் சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார். "அந்தத் தடுப்பு அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா கண்ணுல படவே இல்லை. இடிச்ச சத்தம் கேட்டப்புறம்தான் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்டயே போனேன்."

என் வழக்கு அத்தனையும் அந்தத் தராசின் மேலேயே சரிந்தது. இடது பக்கம் யாரையோ பார்த்துக்கொண்டு வந்தார் என்று மனதுக்குள் எழுதியிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"பாய்க்குச் சொல்லத் தெரிஞ்சுது. எனக்குச் சொல்லத் தெரியலையா? நான் என்ன எதிர்வீடா?"

"உன்கிட்ட வெறும் கையோட வந்து சொல்லப் பயமா இருந்தது. நீ உடனே வண்டியை வித்துடலாம்பே. இதை உனக்கு ஏத்தாப்பல பண்ணிட்டு, இந்தா, நீ ஓட்டுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"வித்துடலாம்னுதான் இப்பவும் சொல்றேன். எனக்கு இது வேண்டாம். என் கார்ல போலாம். ஆட்டோல போலாம். பேசறதுக்கு என்ன, எதுல வேணா பேசலாம்." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "எத்தனை ஞாயித்துக்கிழமை முதுகுவலின்னு படுத்துண்டேள். என்னோட வர இஷ்டமில்லைன்னு நினைச்சேன்."

பின்னால் பாய் எதையோ திருக, வண்டி ஒரு முடி அளவு எழுந்தது.

"நீ எடது பக்கம் உக்காந்தா எனக்கு நீ தெரியலை" என்றார். "கடைசியாப் போனோமே, அன்னிக்கு முழுக்க உன் குரல்தான் வந்தது, நீ இல்லை. ஏன்னு அப்போ புரியலை. உன்னைத் திரும்பிப் பார்த்தா ரோடு போயிடறது. ரோடைப் பார்த்தா நீ போயிடறே. அப்படிப் போக எனக்குப் பிடிக்கலை. இந்தப் பக்கம் நான் உக்காந்துண்டா, நீ வலது பக்கம் வந்துடறே. இப்போ பாரு, எனக்கு நன்னாத் தெரியறே."

நான் திரும்பப் போனேன்.

"மேடம், ஆடாத!" என்று பின்னாலிருந்து பாய் கத்தினார்.

திரும்பவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, தகரச் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். அவர் தலையைத் திருப்பாமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொள்ளட்டும் என்று, பாய் போதும் என்று சொன்ன பிறகும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.